கையெழுத்து போட்ட கண்ணாடி கோலி, யார் செஞ்சதுன்னு கண்டுபிடிக்க முடியுமா?

குண்டுமணி71:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா ஓரமா நின்னு படிச்சிட்டு மட்டும் இருந்தேன், இன்னைக்குத்தான் முதல் பதிவு, தப்பா ஏதாவது கேட்டிருந்தா பொறுத்துக்கோங்க.

ஒரு டப்பா நிறைய பழைய கோலி மொத்தமா வாங்கினேன். முக்காவாசி சாதா மெஷின் கோலிதான், அதுக்கு நடுவுல ஒண்ணு மட்டும் பெருசா கைக்கு கனமா இருந்துச்சு. ஒரு பக்கம் முழுக்க கருநீலம். இன்னொரு பக்கம் தெளிவு, அது வழியா உள்ள பார்த்தா தண்ணி சுழிச்சு கீழ இறங்குற மாதிரி ஒரு சுழல், அதுல பச்சையா துணுக்கு துணுக்கா மின்னுது, கோலியை கொஞ்சம் சாய்ச்சா அதே துணுக்கு ஊதாவா மாறுது. ஒரு மணி நேரம் இதையே உருட்டி உருட்டி பார்த்துட்டு இருந்தேன், வீட்ல திட்டு வாங்கினதுதான் மிச்சம்.

விஷயம் என்னன்னா நீலப் பக்கத்துல பொடிசா ஏதோ கீறியிருக்கு. முதல்ல சாதா கீறல்னு நெனச்சேன், லென்ஸ் வெச்சு பார்த்தா "எம்டபிள்யூ 86"ன்னு படிக்க முடியுது. அப்போ 1986ல செஞ்சதுதானே? ஆனா வித்தவர் "இது பழைய ஜெர்மன் கைவேலை, நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு"ன்னு சொல்லித்தான் கொடுத்தார். ரெண்டும் ஒத்துப் போகலையே. இந்த எம்டபிள்யூ யாரு? எங்க தேடுறது? நெட்ல தேடினா கார் கம்பெனியும் மைக்ரோவேவ் அடுப்பும்தான் வருது.

ராத்திரிக்குருவி:

உள்ள உலகம் மாதிரி இருக்குன்னா அது ஜோஷ் சிம்ப்சன்ங்கற அமெரிக்க கண்ணாடிக் கலைஞர் செய்யற பிளானெட் பாஸ்! அடிச்சது லக்கி, பத்திரமா வெச்சுக்கோங்க.

கோலிப்பித்தன்:

குருவி தம்பி, எழுத்தையே இன்னும் சரியா படிக்கலை, அதுக்குள்ள ஆளை முடிவு பண்ணிட்டீங்களே. நீல உருண்டைக்குள்ள ஏதாவது மின்னினா உடனே எல்லாரும் சிம்ப்சன் பேரைத்தான் சொல்றாங்க. அவர் 1970கள்லயே பிளானெட் செய்ய ஆரம்பிச்சவர், பெரிய ஃபர்னஸ்ல கண்ணாடி உருக்கி வேலை பண்றவர், அவரைப் பார்த்து செஞ்சவங்க உலகம் பூரா இருக்காங்க. தவிர அவர் இனிஷியல்ல எம்மும் இல்ல டபிள்யூவும் இல்ல. எப்பவும் ஸ்டைலை வெச்சு ஆளைப் பிடிக்கப் போனா மாட்டிப்போம், ஸ்டைலை யார் வேணா காப்பி அடிக்கலாம்.

குண்டுமணி, வித்தவர் சொன்ன ஜெர்மன் கதையை முதல்ல ஓரமா வெச்சிருங்க. ஏன்னு சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும். பழைய ஜெர்மன் கைவேலைக் கோலி பெரும்பாலும் துரிங்கியா பக்கம் லௌஷான்னு ஒரு கண்ணாடிக்கார ஊர், அங்கேயும் அதைச் சுத்தியும் செஞ்சது. 1840கள்ல எலியாஸ் கிரைனர்ங்கறவர் கோலிக்குன்னே ஒரு கத்திரி கொண்டு வந்தார், ஒரு முனையில கிண்ணம் மாதிரி குழி, இன்னொண்ணுல வெட்டுற கத்தி. கலர் கம்பியெல்லாம் சேர்த்து சூடா இழுத்து முறுக்கின நீளமான கண்ணாடித் தண்டை அந்தக் குழியில விட்டு உருட்டி ஒரு குண்டு வெட்டுவாங்க, மறுபடி அடுத்த குண்டு, அப்படியே ஒரு தண்டு முடியற வரைக்கும். அதனால ஒவ்வொரு கோலிக்கும் மேலயும் கீழயும் ரெண்டு இடத்துல வெட்டின தழும்பு இருக்கும், சொரசொரன்னு, விரல்ல தடவினாலே தெரியும். அதைத்தான் பாண்டில்னு சொல்றோம். அதுல கையெழுத்து எவனும் போட மாட்டான், ஏன்னா அது ஆயிரக்கணக்குல செஞ்சு கொட்டின விளையாட்டுச் சாமான், செஞ்ச கூலியாளுக்கு பேர் எதுக்கு? அப்புறம் எம்.எஃப். கிறிஸ்டென்சன்னு ஒருத்தர் அமெரிக்காவுல ஏக்ரன் ஊர்ல கோலி உருட்டுற மெஷினுக்கு 1905ல பேட்டன்ட் வாங்கினார், முதல் உலகப்போர்ல ஜெர்மன் சரக்கு வரத்தும் நின்னு போச்சு, கைவேலைக் கோலி கதை கிட்டத்தட்ட அதோட முடிஞ்சது.

கையெழுத்து வந்தது அதுக்கப்புறம் ரொம்ப வருஷம் கழிச்சு. 1962ல ஹார்வி லிட்டில்டன்ங்கற கண்ணாடிக் கலைஞர் அமெரிக்காவுல டொலீடோ மியூசியத்துல ஒரு பயிற்சிப் பட்டறை நடத்தினார், ஃபேக்டரி இல்லாம தனி ஆளே சின்ன ஃபர்னஸ் வெச்சு கண்ணாடி வேலை பண்ண முடியும்னு காட்டத்தான். முதல்ல போட்ட கலவை சரியா உருகலை. அப்போ டொமினிக் லபினோங்கறவர், ஃபைபர்கிளாஸ் இழுக்கறதுக்குன்னு ஃபேக்டரியில செஞ்ச கண்ணாடி கோலியையே உருக்கச் சொல்லி ஐடியா கொடுத்தார், வேலை நடந்துச்சு. யோசிச்சுப் பாருங்க, ஸ்டுடியோ கண்ணாடின்னு இன்னைக்கு நாம சொல்ற மொத்த விஷயமும் கோலியை உருக்கித்தான் ஆரம்பிச்சிருக்கு! அந்த வழியில வந்தவங்கதான் கோலியிலயும் பேர் போட ஆரம்பிச்சாங்க. ஆக உங்க கோலி அதுக்குப் பிந்தினது, அதுல சந்தேகமே வேணாம். 86ங்கறதை மட்டும் இப்பவே நம்பாதீங்க.

ஊதுகுழல்:

நான் டார்ச்ல, அதாவது கேஸ் பர்னர் தீயில, கண்ணாடி வேலை பண்றவன், பதினெட்டு வருஷமாச்சு. பித்தன் அண்ணே வரலாறு சொல்லிட்டார், நான் சரக்கைப் பத்தி சொல்றேன்.

சாய்ச்சா பச்சை ஊதாவா மாறுதுன்னு சொன்னீங்கல்ல, அது டைக்ரோயிக். கண்ணாடி மேல மெட்டல் ஆக்சைடை கண்ணுக்கே தெரியாத மெல்லிசு அடுக்கா ஏத்தியிருப்பாங்க, சாயம் ஒண்ணும் கிடையாது, வெளிச்சம் அந்த அடுக்குல பட்டுத் திரும்பறப்ப கலர் மாறுது. கோலி எதுக்குள்ள அது இருந்தாலும் நூறு வருஷ ஜெர்மன்னு சொல்ற பேச்சே எடுபடாது.

அடுத்தது, இது சாஃப்ட் கிளாஸா போரோவான்னு தெரியணும். பாதி தேடல் அதுலயே குறைஞ்சிடும். சாஃப்ட் கிளாஸ்னா சாதா சோடா லைம் வகை, ஃபர்னஸ்காரங்க பெரும்பாலும் அதுதான். போரோன்னா லேப்ல பீக்கர் செய்யற அதே வகை, டார்ச்காரங்களுக்கு செல்லம். ரெண்டையும் ஒண்ணாச் சேர்க்க முடியாது, ஆறும்போது ஒண்ணு நிறைய சுருங்கும் ஒண்ணு கம்மியா சுருங்கும், பட்டுன்னு வெடிச்சிடும், அதனால ஒரு ஆள் பெரும்பாலும் ஒண்ணுலதான் வாழ்நாள் பூரா இருப்பார். ஒரு சிசி (கன சென்டிமீட்டர்) போரோ 2.23 கிராம், சோடா லைம் கிட்டத்தட்ட 2.5, லெட் கிரிஸ்டல்னா 3 பக்கம் போகும். கோலி சுத்தமா உருண்டையா இருக்கறதால கணக்கு ஈஸி, விட்டத்தை சென்டிமீட்டர்ல எடுத்து, விட்டம் பெருக்கல் விட்டம் பெருக்கல் விட்டம் போட்டு, அதை 0.5236ஆல பெருக்குங்க, கன அளவு வந்துடும். எடையை அதால வகுங்க. அளந்து சொல்லுங்க.

தழும்பு எத்தனை இருக்குன்னும் பாருங்க. ஒரே ஒரு இடத்துல வட்டமா தேய்ச்சு பாலிஷ் பண்ணின மாதிரி இருந்தா ஃபர்னஸ் வேலை. எங்கயுமே ஒண்ணும் தெரியலைன்னா டார்ச்ல காட்டி உருக்கி மறைச்சிருப்பாங்க, நாங்க பண்றது அதுதான்.

குண்டுமணி71:

ரொம்ப நன்றி அண்ணா, ரெண்டு பேருக்கும். தழும்புன்னு எதுவும் தெரியலை, எங்க தடவினாலும் வழுவழுன்னு இருக்கு. சமையலறை தராசுல 65 கிராம். சுத்தளவுக்கு நூலைச் சுத்தி அளந்தேன், 116 மிமீ, விட்டம் 37 வருது. நீங்க சொன்ன கணக்குப்படி 26 1/2 சிசி, எடையை வகுத்தா 2.45. அப்போ சாஃப்ட் கிளாஸ்தானே? ஃபர்னஸ்காரங்க பக்கம் தேட ஆரம்பிச்சிடவா?

ஊதுகுழல்:

அய்யோ இருங்க இருங்க. நூலா! உருண்டையில நூல் நட்டநடுவுல நிக்கவே நிக்காதுங்க, வழுக்கி ஒரு பக்கமா சரிஞ்சிடும், சரிஞ்சா சுத்தளவு கம்மியாத்தான் காட்டும். விட்டத்துல 1 மிமீ தப்பினா கன அளவுல எட்டு பர்சன்ட் தப்பும், போரோவுக்கும் சாஃப்டுக்கும் நடுவுல இருக்கற வித்தியாசமே பன்னெண்டு பர்சன்ட்தான். கவ்விப் பிடிச்சு அளக்கற வெர்னியர் இருந்தா அதுல அளங்க.

இல்லைன்னா இன்னொரு வழி இருக்கு, எனக்கு இதுதான் பிடிக்கும். ஒரு டம்ளர்ல முக்கால் தண்ணி ஊத்தி தராசு மேல வெச்சு சைபர் பண்ணிடுங்க. கோலியை ஒரு துண்டு வலைத்துணியில கட்டி நூல்ல தொங்க விட்டு தண்ணிக்குள்ள முழுசா முக்குங்க, அடியிலயோ பக்கத்துலயோ இடிக்கக் கூடாது, கையால பிடிச்சே நிக்கணும். அப்போ தராசு எத்தனை கிராம் காட்டுதோ அத்தனை சிசி கோலி. விட்டமே தேவையில்லை.

குண்டுமணி71:

வலைத்துணிக்கு வேற வழியில்லாம பழைய சாக்ஸை கத்தரிச்சேன், அது தண்ணியை உறிஞ்சி ஏதோ கணக்கு காட்டுச்சு. அப்புறம் பூ சுத்தி வந்த நைலான் வலை கிடைச்சது. கை நடுங்காம பிடிக்கறதுதான் பெரும்பாடு. மூணு தடவை பண்ணேன், 29, 29, 30. பக்கத்து வீட்டுப் பையன்கிட்ட வெர்னியர் வாங்கி அளந்ததுல விட்டம் 38.1. அப்போ 65ஐ 29ஆல வகுத்தா 2.24!

போரோ!!

ஊதுகுழல்:

ஆங், அதேதான். டார்ச் வேலை, போரோ, டைக்ரோயிக். அந்தச் சுழல் நாங்க வழக்கமா பண்றதுதான், கண்ணாடித் தட்டு மேல துணுக்கெல்லாம் வெச்சு உருக்கி, நடுவுல உள்ள இழுத்து முறுக்கி, பின்பக்கம் இருட்டுக் கலர் கொடுத்து, கிராஃபைட் குழியில உருட்டி எடுக்கறது. 1986ல போரோல இப்படி ஒரு வேலை பார்க்கறது அபூர்வம். 86ஐ மறுபடி படிங்க.

கோலிப்பித்தன்:

நான் அப்பவே சொன்னேன்ல. கோலிக்கு மேல் கீழ்னு ஒண்ணு கிடையாது, அதான் இங்க பிரச்சினையே. 86ஐ தலைகீழா திருப்பினா 98. இதுல வேடிக்கை என்னன்னா எம்டபிள்யூவையும் சேர்த்து திருப்பினாலும் அது எம்டபிள்யூவாவேதான் வரும், டபிள்யூ கவுந்து எம் ஆகிடும், எம் கவுந்து டபிள்யூ ஆகிடும், வரிசையும் மாறிடும். ஆக நீங்க "எம்டபிள்யூ 86"ன்னு படிச்சது "98 எம்டபிள்யூ"வாவும் இருக்கலாம்.

எது நிமிர்ந்தது எது கவுந்ததுன்னு எழுத்தோட கால்தான் சொல்லும். கையால எழுதறப்ப எம்முக்கு ரெண்டு பக்கக் கோடும் நேரா நிக்கும், டபிள்யூவுக்கு பக்கக் கோடு வெளியே சாஞ்சிருக்கும். எட்டுல மேல் வட்டம் சின்னது கீழ் வட்டம் பெருசு. இதெல்லாம் தெரியணும்னா கோலியை முதல்ல துடைச்சு நல்லா காயவைங்க, ஈரமா இருந்தா கீறல்ல தண்ணி போய் எழுத்தே மறைஞ்சிடும். அப்புறம் துளி முகப்பவுடரை விரல்ல தொட்டு எழுத்து மேல தேய்ச்சு, மேலாப்ல மட்டும் துடைங்க, கீறலுக்குள்ள வெள்ளையா நிக்கும். அடர்நீலத்து மேல அச்சடிச்ச மாதிரி தெரியும். டார்ச் லைட்டை பக்கவாட்டுல இருந்து அடிங்க. ஊசி, பாலிஷ், ஆசிட்னு எதையும் கிட்ட கொண்டு போகாதீங்க ப்ளீஸ், எழுத்து போச்சுன்னா எல்லாம் போச்சு.

இன்னொண்ணும் பாருங்க. அந்த கோலியில ஏற்கனவே பழைய சிராய்ப்பு இருந்தா, எழுத்து அதுக்கு மேல ஏறி வெட்டிட்டுப் போகுதா, இல்ல சிராய்ப்பு எழுத்தை வெட்டிட்டுப் போகுதா? எழுத்து பழைய கீறலை வெட்டிச்சுன்னா பின்னாடி யாரோ சேர்த்தது. பேர் உள்ள ஆளோட இனிஷியலை கண்ணாடியில கீறுற மோட்டார் பென்ல கிறுக்கி விக்கறவங்க இருக்காங்க. எனக்கே ஒரு தடவை அப்படி ஒண்ணு தலையில கட்டியிருக்காங்க, எத்தனை கொடுத்தேன்னு கேக்காதீங்க.

குண்டுமணி71:

அண்ணே பவுடர் ஐடியா சூப்பர். பளிச்சுன்னு தெரியுது. இப்போ பார்த்தா நான் மொதல்ல படிச்ச பக்கம் எம்முக்கு கால் சாஞ்சிருக்கு, டபிள்யூவுக்கு நேரா நிக்குது. திருப்பினா எல்லாம் ஒழுங்கா வருது. எட்டும் அப்படித்தான், சின்ன வட்டம் மேல. ஆக "98 எம்டபிள்யூ". சிராய்ப்பு ரெண்டு இருக்கு, ரெண்டும் எழுத்துக்கு மேலதான் போகுது, எழுத்துதான் முந்தினது.

அப்போ 1998, சரியா? இன்னொரு விஷயம், சொல்லலாமா வேணாமான்னு யோசிச்சேன். எழுத்துக்குப் பக்கத்துல கண்ணாடிக்கு உள்ள வெள்ளையா ஒரு புள்ளி இருக்கு, கடுகுல பாதி இருக்கும். தூசி மாட்டிக்கிச்சுன்னு நெனச்சு விட்டுட்டேன். இப்போ லென்ஸ்ல பார்த்தா ஒரே சீரா வட்டமா இருக்கு.

ஊதுகுழல்:

வட்டமா இருக்கா? தூசி வட்டமா இருக்காதுங்க!! பத்து மடங்கு லென்ஸ்ல பாருங்க, லென்ஸை கண்ணோட ஒட்டி வெச்சு கோலியை கிட்ட கொண்டு வாங்க, லென்ஸை நகர்த்தாதீங்க.

குண்டுமணி71:

பார்த்துட்டேன். வெள்ளை வட்டத்துக்குள்ள கருப்புல "07". உள்ள!! எப்படி இவ்வளவு பொடிசா எழுதினாங்க, கை எப்படி நிக்கும்?

கோலிப்பித்தன்:

எழுதலை, இழுத்தது. முரினின்னு சொல்லுவோம். விரல் தடிமனுக்கு, சில சமயம் அதைவிட பெருசா, கண்ணாடியிலயே எண்ணை அடுக்கிக் கட்டி, சூடு பண்ணி சவ்வு மிட்டாய் மாதிரி இழுத்துடுவாங்க. எவ்வளவு இழுத்தாலும் உள்ள இருக்கற உருவம் அப்படியே சின்னதாகிட்டே போகும். அப்புறம் தண்டை வில்லை வில்லையா நறுக்கி ஒவ்வொரு கோலியிலும் ஒண்ணு வெச்சு மூடிடுவாங்க. பழக்கம் ரொம்ப பழசு, பிரான்ஸ்ல பக்காரா கம்பெனி 1840கள்ல பேப்பர்வெயிட்டுக்குள்ள "பி 1848"ன்னு எழுத்தும் வருஷமுமா இதே மாதிரி வெச்சிருக்காங்க, கிளிஷிங்கற இன்னொரு பிரெஞ்சு கம்பெனிக்காரங்க "சி"ன்னு வெச்சாங்க. இதோட அருமை என்னன்னா பின்னாடி வந்தவன் யாரும் இதைச் சேர்க்க முடியாது, செஞ்சவன்தான் வெச்சிருக்கணும். மேல கீறினதை விட இதைத்தான் நான் நம்புவேன்.

ஆக வருஷம் 2007. அப்போ 98 வருஷமில்லை, அந்த வருஷத்துல எத்தனாவதுங்கற எண்ணா இருக்கும். நானும் 1998ன்னுதான் மனசுல முடிவு பண்ணி வெச்சிருந்தேன், ஒத்துக்கறேன்.

இனிமே இனிஷியலை வெச்சுத் தேடாதீங்க, எம்டபிள்யூ ஆயிரம் பேர் இருப்பான். பவுடர் போட்ட போட்டோ, முரினி போட்டோ, சுழல் போட்டோ மூணையும் போரோ கோலிக்காரங்க கூடுற குழுவுல போடுங்க, எடை விட்டம் எல்லாம் சேர்த்து. கையெழுத்தோட வளைவைப் பார்த்தே ஆளைச் சொல்றவங்க அங்க இருப்பாங்க.

குண்டுமணி71:

பத்து நாள் கழிச்சு வர்றேன், சாரி. ஆள் கிடைச்சாச்சு!

அண்ணே சொன்ன மாதிரி மூணு போட்டோவும் போட்டேன். ஒருத்தர் கையெழுத்தைப் பத்தி பேசவே இல்லை, அந்த 7ஐப் பார்த்தார். குறுக்குக்கோடு போட்ட ஏழு, அந்தக் கோடு லேசா வளைஞ்சிருக்கு, இதே முரினி என்கிட்ட இருக்கற கோலியிலயும் இருக்குன்னு தன் கோலியைப் போட்டோ எடுத்துப் போட்டார், ஒரே தண்டுல நறுக்கின வில்லைன்னு பார்த்தவுடனே தெரியுது, வளைவு அச்சு அசல். அவர்தான் செஞ்சவங்க அட்ரஸ் கொடுத்தார். ஒரு அம்மா. நான் இவ்வளவு நாளா "அவன், அவர்"னு பேசிட்டு இருந்தேன். ஆமாங்க அது என்னோடதுதான், 2007ல 98ஆவதுன்னு பதில் போட்டாங்க, பேரை பொதுவுல போட வேணாம்னு கேட்டுக்கிட்டாங்க, அதனால இங்க எழுதலை. குறுக்குக்கோடு ஏன் வளைஞ்சுதுன்னா தண்டை இழுக்கறப்ப ஒரு பக்கம் சூடு அதிகமாயிடுச்சாம், தூக்கிப் போட மனசில்லாம அந்த வருஷம் பூரா அதையே வெச்சிருக்காங்க. அந்த நீலத்துக்குப் பின்னாடி இன்னொரு கலர் இருக்கு, வெயில்ல பிடிச்சுப் பாருங்கன்னாங்க. பிடிச்சேன், கருநீலம்னு நெனச்சது ஓரத்துல ஒயின் சிவப்பா தெரியுது. இத்தனை நாள் டியூப்லைட்லயே பார்த்துட்டு இருந்திருக்கேன்.

ஊதுகுழல்:

ஒரு பக்கம் சூடு ஏறி வளைஞ்ச தண்டு என்கிட்டயும் ஒண்ணு கிடக்கு, இப்போ தைரியம் வந்துடுச்சு, நறுக்கிட வேண்டியதுதான்.

ராத்திரிக்குருவி:

சிம்ப்சன் இல்லைன்னு ஒத்துக்கறேன் சாமி. அது போகட்டும், என்கிட்ட ஒரு கோலியில 66ன்னு இருக்கு, அப்போ அது 99ஆ? எழுத்தே வேற எதுவும் இல்ல, வெறும் எண் மட்டும்தான். நூல் இல்லாம அளந்துட்டு வர்றேன், இருங்க.